பத்தரை மணிக்கு வர வேண்டிய போன்

எங்கள் வீட்டு போனுக்குக் கட்டடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். ரங்கூனில், தாமுவே பேட்டையில் நாங்கள் இருந்த கட்டடத்தில் பன்னிரண்டு குடித்தனம், போன் ஒன்றே ஒன்று. அது மூன்றாம் மாடியில், எங்கள் முன்னறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அப்பா உயிரோடு இருந்தபோது யார் யார் காலையோ பிடித்து வாங்கியது. அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சியது அம்மா, நான், அந்த போன். கைபேசி என்பது அன்றைக்கு ரங்கூனில் பெரிய முதலாளிமார் இடுப்பில் தொங்குகிற சாமான். நாங்கள் அதை டீக்கடையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்களில் வேலைக்கு வெளிநாடு போகிற அலை ஒன்று அடித்தது. ஆள் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் போனிலேயே கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சிங்கப்பூர்க்காரன் கூப்பிட்டால் சாயங்காலம் கூப்பிடுவான், மரியாதையான நேரம். துபாய்க்காரன் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவான். அதற்கு மேற்கே இருக்கிறவர்கள் கூப்பிட்டால் நமக்கு நடுச்சாமம். அவர்களுக்கு என்ன, ஆபீஸ் முடிகிற நேரம், காபி குடித்துக்கொண்டே பேசுவார்கள். இங்கே ஒரு குடும்பமே தூக்கத்தைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

இதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை தானாகவே உண்டாகிவிட்டது. வேலைக்குப் பேசுகிறவர் கால் மணி நேரம் முன்னதாக வர வேண்டும். வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஒரு சீப்பு வாழைப்பழமோ, ரவையில் செய்த 'சனுவின் மகின்' கேக்கோ கையில் இருக்கும். அம்மா எதற்குப்பா இதெல்லாம் என்பாள், வாங்கி உள்ளே வைத்துக்கொள்வாள். மணி இரண்டு தரம் அடித்த பிறகுதான் எடுக்க வேண்டும். முதல் மணியிலேயே எடுத்தால் அலைகிறான் என்று நினைப்பார்களாம், இது இரண்டாம் மாடிக்காரர் கண்டுபிடித்த சட்டம். பேச்சு ஆரம்பித்ததும் நானும் அம்மாவும் அடுக்களைக்குப் போய்விடுவோம். உடம்பை மட்டும் கொண்டுபோவோம், காது முன்னறையிலேயே இருக்கும். நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதானே.

அப்படிக் கேட்ட கூத்துகள் கொஞ்சமா? ஒருத்தர் ஒவ்வொரு 'சாரு'க்கும் போனுக்கு முன்னால் குனிந்து நிமிர்வார். உங்களிடம் உள்ள பலவீனம் என்ன என்று கேட்டதற்கு, பனிக்காலத்தில் மூச்சிரைக்கும் என்று ஐந்தாம் மாடிக்காரி உண்மையைச் சொல்லிவிட்டாள். நான் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். பேசி முடித்தவரிடம் என்ன ஆச்சு என்று நாங்கள் கேட்கக் கூடாது, அவரும் உடனே சொல்லக் கூடாது. அவர் தண்ணீர் குடிப்பார், நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம். அந்த நாடகமும் உண்டு.

முதல் மாடியின் பின்பக்க வீட்டில் இருந்த அண்ணன் கப்பல் எலக்ட்ரீஷியன். துறைமுகப் பட்டறை ஒன்றில் வேலை. அண்ணி, இரண்டு பெண் குழந்தைகள். ஐரோப்பாவில் இருக்கிற ஒரு கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்ட் மூலமாக எழுதிப் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்து அந்தக் கட்டடத்தில் கைவேலை சுத்தமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவரும் சோற்றில் கைவைத்திருந்தாலும் எழுந்து வருவார். அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. நாற்பது தாண்டினால் புது ஆளை எடுக்க மாட்டார்கள் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். தை மாதம் அவருக்கு நாற்பது. இந்தக் கப்பல்தான் கடைசி, இதை விட்டால் பட்டறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

முதல் போன் மழைக்காலத்தில் வந்தது. அவர்கள் ஊரில் மாலை ஆறு மணி, இங்கே இரவு பத்தரை. சொல்லி வைத்தாற்போலப் பத்தரைக்கு அடித்தது. அண்ணன் எப்போதும் இடுப்பில் கட்டுகிற லோஞ்சியைக் கழற்றிவிட்டு, கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். போனில் யாருண்ணே பேண்ட்டைப் பார்க்கப் போறாங்க என்று கேலி செய்தேன். "எனக்குத் தெரியுமில்ல தங்கச்சி" என்றார். நின்றுகொண்டேதான் பேசினார். நன்றாகவே பேசினார். ஒயர், கேபிள், ஜெனரேட்டர் என்று வந்தால் அவருக்கு இங்கிலீஷ் தடுமாறாது. முடிவு சொல்ல வேண்டிய பெரியவர் ஒருத்தர் இருக்கிறார், பகலெல்லாம் கப்பல் கப்பலாக ஏறி இறங்குகிறவர், ஆறு மணிக்குத்தான் நாற்காலியில் உட்காருவார், அவர் இன்னொரு நாள் பேசுவார் என்று சொன்னார்களாம்.

அந்த இன்னொரு நாள் தீபாவளி கழிந்த வாரத்தில் வந்தது. அவர்கள் நேரம் ஆறு மணி என்று மெயில். ஆறு என்றால் நமக்குப் பத்தரை, அதுதான் போன தடவையே பார்த்தாயிற்றே. யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அன்றைக்கு இரவு எட்டு மணிக்கு நான் படியேறும்போது முதல் மாடியில் ஒரு பெண் மூட்டையோடு நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நிறைமாத வயிறு, காலெல்லாம் வீக்கம். அண்ணியின் அக்கா. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகக் கியாக்தான் ஊரிலிருந்து மத்தியானமே கிளம்பியவர், பஸ் வழியில் நின்றுபோய் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார். அண்ணி என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். நான் தலையாட்டிவிட்டு மேலே வந்தேன்.

எதற்கு அந்த விரல் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ராணுவ ஆட்சியில் வெளியூர் ஆள் யாராவது நம் வீட்டில் ராத்தங்கினால் இருட்டுவதற்கு முன் வார்டு ஆபீசுக்குப் போய்ப் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். கூடப் பிறந்தவளானாலும் சரிதான். எழுதாமல் வைத்திருந்து சோதனையில் மாட்டினால் விருந்தாளியையும் வீட்டுக்காரரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். சோதனைக்கு வார்டு ஆட்களும் போலீசும் நடுராத்திரியில்தான் வருவார்கள். கதவை விரலால் தட்ட மாட்டார்கள், முஷ்டியால் குத்துவார்கள். வார்டு ஆபீஸ் நாலரைக்கே பூட்டிவிடும். எட்டு மணிக்கு வந்தவளை எங்கே போய் எழுதுவது? போதாததற்கு வார்டு ஆபீஸ் சார்பில் எங்கள் தெருவுக்குப் பொறுப்பான பெரியவர் எங்கள் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் இருந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே டார்ச் அடித்துப் பார்க்கிறவர்.

பத்தேகாலுக்கு அண்ணன் வந்தார். அதே பேண்ட், இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வைத்திருந்தோம். ஒரு காகிதத்தில் பதில்களைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார், இங்கிலீஷ் உச்சரிப்புக்காக. அதை வெளிச்சத்தில் பிடித்து வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. அவர் ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்த்தார், அந்த நேரம் பார்த்து அடித்துவிடப் போகிறதே என்று சட்டென்று வைத்தார். பதினொன்று. நான் சும்மா இருக்க மாட்டாமல் பெரிய மனுஷங்கன்னா கொஞ்சம் லேட்டாத்தான் கூப்பிடுவாங்க என்றேன்.

அப்போதுதான் அம்மா கொட்டாவி விட்டாள். பாவம், விடிகாலை நாலுக்கு எழுந்திருக்கிற மனுஷி, வேண்டுமென்றா விட்டாள்? ஆனால் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சின்னம்மா, நீங்க படுங்க. இனிமே வராது. ஆனாடே."

அந்த ஒரு பர்மியச் சொல்லை நாங்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வோம். உங்களைச் சிரமப்படுத்த எனக்கு மனசு கூசுகிறது என்று அர்த்தம். அதைச் சொன்ன ஆளை இருங்கள் என்று மூன்று தரம் வற்புறுத்த வேண்டும் என்பது எங்கள் பழக்கம். முதல் இரண்டு தரம் வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாவது தரம்தான் உட்காருவார்கள். நான் இரண்டு தரம் சொன்னேன். எனக்கும் கண் சொருகிக்கொண்டு வந்தது. மூன்றாவது தரம் சொல்லவில்லை. பதினொன்றேகாலுக்கு அவர் படியிறங்கிப் போனார்.

பதினொன்றரைக்கு போன் அடித்தது.

 எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு வயசான குரல், அண்ணன் பெயரைக் கடித்துத் துப்பிச் சொன்னது. சரியாக ஆறு மணி, நான் நேரம் தவறவில்லையே என்று இங்கிலீஷில் கேட்டார், கொஞ்சம் பெருமையாகவே கேட்டார். நீங்கள் ஒரு மணி நேரம் லேட், மனுஷன் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு இப்போதுதான் போனார் என்று சொல்லியிருக்க வேண்டும்.  வேலை கொடுக்கப் போகிற சாரிடம் நீங்கள்தான் லேட் என்று எப்படிச் சொல்வது? நோ சார், நாட் லேட் சார், ஒன் மினிட் சார் என்று ரிசீவரை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

படி கும்மிருட்டு. சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினேன். முதல் மாடியில் அவர்கள் கதவுக்கு அடியில் மெழுகுவர்த்தி வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அப்பாடா, முழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். விரல் முட்டியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினேன்.

வெளிச்சம் அணைந்தது.

உள்ளே பாய் இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கதவில் வாயை வைத்து, "அண்ணே, நான்தான், போன்" என்றேன். என் காதுக்கே கேட்காத குரலில் சொன்னேன். இன்னொரு தரம் தட்டினேன். உள்ளே ஒரு குழந்தை ம்ம் என்று ஆரம்பித்து, பாதியிலேயே அடங்கியது. யாரோ வாயைப் பொத்திவிட்டார்கள்.

கத்திக் கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பார். எப்படிக் கத்துவது? அதற்குள் கீழே இருமல் சத்தம், டார்ச் வெளிச்சம் சுவரில் ஏறியது. தரைத்தளத்துப் பெரியவர் பர்மிய மொழியில் யாரது என்று கேட்டார்.

"நான்தான் அங்கிள், மூணாவது மாடி. பூனை இறங்கிடுச்சு" என்றேன், பர்மியத்திலேயே.

எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. அவருக்கும் அது தெரியும். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் டார்ச்சை அணைக்கவும் இல்லை. நான் மேலே போகிறவரைக்கும் அடித்துக்கொண்டே நின்றார். அந்த வீட்டுக் கதவுக்கு முன்னால் இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் அவர் படியேறி வருவார். வந்தால் அந்தக் கதவைத் தட்டுவார். தட்டினால் உள்ளே வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிறாள். நான் மேலே போனேன்.

அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கமிங் சார், கமிங் சார், யெஸ் சார், கமிங்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் அவ்வளவுதான். நெற்றியெல்லாம் வியர்வை. அந்த மனிதர் இன்னும் வைக்கவில்லை. நல்லவர்தான் போலிருக்கிறது. நான் ரிசீவரை வாங்கியதும், ஆள் வந்துவிட்டாரா என்று கேட்டார்.

என்னத்தைச் சொல்ல? கதவைத் திறக்கப் பயந்துகொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றா? எங்கள் போனில் நடுநடுவே ஒரு க்ளிக் சத்தம் கேட்கும். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று ரங்கூனில் எல்லாரும் நம்பினோம், நானும் நம்பினேன். விருந்தாளி, சோதனை, பயம் என்று எதையும் அதில் வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டோம். இப்போது உட்கார்ந்து யோசித்தால் ஆயிரம் பொய் வருகிறது. ஜுரம் என்றிருக்கலாம். பட்டறையில் அவசர வேலை என்றிருக்கலாம். பூனைக்கு வந்த பொய் இதற்கு வரவில்லை.

"ஹீ இஸ் ஸ்லீப்பிங், சார்" என்றேன்.

 லைனில் ஒரு க்ளிக் சத்தம் கேட்டது. பிறகு அவர் கோபமே இல்லாமல், அப்படியானால் அவர் தூங்கட்டும், மேடம், குட் நைட் என்றார். நான் தேங்க் யூ சார் என்றேன். தேங்க் யூவாம்! வைத்த பிறகு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். திருப்பிக் கூப்பிட எங்களிடம் நம்பரும் இல்லை, இருந்தாலும் வெளிநாட்டுக்கு லைன் கேட்டுப் பதிந்து வாங்குவது அந்த நேரத்தில் நடக்கிற காரியமும் இல்லை. அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். இரண்டு பேரும் விடியும்வரை பாயில் புரண்டோம்.

ஐந்து மணிக்குக் கீழே போய்த் தட்டினேன். முதல் தட்டிலேயே அண்ணன் திறந்தார். சட்டையும் பேண்ட்டும் அப்படியே இருந்தன. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அண்ணி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அக்கா, எல்லாம் என்னால்தான், நான் வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன்தான் அவரைப் போய்ச் சமாதானப்படுத்தினார். ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, மொகத்தக் கழுவுங்க என்றார்.

பிறகு என்னிடம் வந்து, "மெதுவாத் தட்டுனது கேட்டுச்சு தங்கச்சி. அவங்க மெதுவாத் தட்ட மாட்டாங்கன்னும் தெரியும்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "தெரிஞ்சுமா திறக்கல? கதவுக்குப் பின்னாடி நின்னு என்னதாண்ணே பண்ணீங்க?" என்று கத்திவிட்டேன். இரவு வராத சத்தமெல்லாம் அப்போது வந்தது.

"தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டே நின்னேன்" என்றார். "நீ பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பேன்."

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். 

எட்டு மணிக்கு இரண்டு பேரும் இன்டர்நெட் கடைக்குப் போனோம். மறுபடி ஒரு வாய்ப்புக் கேட்டு மெயில் எழுத வேண்டும். அவருக்கு டைப் அடிக்க வராது, நான் உட்கார்ந்தேன். கடைக்காரர்தான் சொன்னார், பனிக்காலம் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்களாம், போன ஞாயிற்றுக்கிழமைதான் திருப்பியிருக்கிறார்களாம். எங்கள் ஊரில் கடிகாரம் நின்றால்தான் கையால் தொடுவோம். இப்படி ஒரு வழக்கம் உலகத்தில் உண்டென்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அண்ணே, இதையே எழுதிருவோம், பத்தரையிலேருந்து காத்திருந்தேன், உங்க ஊர்ல மணி மாறினது எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதிருவோம் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அவங்க கடிகாரத்தையா தங்கச்சி குத்தம் சொல்றது? நல்லா இருக்காது."

"அப்போ கதவு விஷயத்த எழுதட்டுமா?" என்றேன் எரிச்சலோடு. அவர் சுவரைப் பார்த்தார். அரசியல் எதுவும் எழுதக் கூடாது என்று அங்கே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"அண்ணிக்கு உடம்பு சரியில்லைன்னாவது எழுதலாமே?"

"நீ தூங்குறாருன்னு சொல்லிட்டியே. நான் வேற ஒண்ணு எழுதினா உன்னையப் பொய்க்காரின்னு நெனப்பாங்க. சின்னம்மா வீட்டு போன்ல வந்தது, அந்த வீட்டுக்கு ஒரு கெட்ட பேரு வரக் கூடாது."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன், எழுந்து போய்விடுவேன் என்றேன். அவர் கேட்கவில்லை. அந்த மெயிலுக்குப் பதில் வரவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு தமிழில் சொன்னார், நான் இங்கிலீஷில் அடித்தேன். நேற்று இரவு நான் தூங்கிவிட்டேன், தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும், சார். இரவு முழுக்க ஒரு பொட்டுக் கண் மூடாதவர், கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. அடித்து முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"'சார்' ஒரு எடத்துலதான் வருது" என்றார். "ஆரம்பத்துலயும் ஒண்ணு போடு தங்கச்சி."

போட்டேன்.